கூரையில் அல்ல, வாசலில்

தெற்கு இலண்டனிலுள்ள பிரிக்ஸ்டன் அகாடமி அரங்கை நேசிப்பவர்கள் பெரும்பாலும் அதன் தரையைப் பற்றியே முதலில் பேசுவார்கள். 1929இல் அஸ்டோரியா என்னும் பெயரில் திரையரங்காகத் திறக்கப்பட்ட அக்கட்டடத்தின் தரை மேடையை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் கூடும் அரங்கில், உயரம் குறைந்தவரும் பின்னால் நின்றபடியே மேடையைப் பார்த்துவிட முடியும். 1980களில் ராக் இசையரங்காக மறுபிறவி எடுத்த பின்னர் அது பலமுறை செப்பனிடப்பட்டது. அதன் பெயருக்கு முன்னால் முதலில் ஒரு மது நிறுவனத்தின் பெயரும், 2009 முதல் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பெயரும் ஏறின. மேடை வளைவின் இத்தாலியப் பாணி அலங்காரம் மட்டும் அப்படியே காக்கப்பட்டது.

2022 டிசம்பர் 15 இரவு நிகழ்ந்த துயரம் அந்தத் தரையிலோ அந்த வளைவின் கீழோ நிகழவில்லை, வாசலில் நிகழ்ந்தது. நைஜீரியப் பாடகர் அசாகேயின் நிகழ்ச்சிக்காகத் திரண்ட கூட்டம் கதவுகளை நெருக்க, நுழைவிடத்தில் நசுங்கிய இருவர் பின்னர் உயிரிழந்தனர். ஒருவர் பாட்டுக் கேட்க வந்தவர். மற்றவர் பாதுகாப்புப் பணியாளர். மேடைக்கு எதிரே நின்றவர்களுக்குக் கிட்டிய வசதிகள் எவையும் அவ்விருவருக்கும் பொருளற்றவை. புதுப்பிக்கப்பட்ட ஓர் இசையரங்கின் தரத்தை அளக்கவேண்டிய இடம் கூரையா, வாசலா என்னும் கேள்வியை அந்த இரவு எழுப்பியது. அதற்குரிய விடை இன்னும் பலராலும் உள்வாங்கப்படவில்லை.

இங்கே ‘வாடிக்கையாளர் அனுபவம்’ என்னும் சொல்லாட்சியைச் சற்றே உற்றுநோக்க வேண்டும். 1998இல் ஜோசப் பைன், ஜேம்ஸ் கில்மோர் ஆகிய இருவரும் ‘அனுபவப் பொருளாதாரம்’ என்னும் கருத்தை ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் முன்வைத்தனர். பண்டத்தையும் சேவையையும் கடந்து, நினைவில் நிற்கும் அனுபவத்தையே நிறுவனங்கள் இனி விற்கும் என்பது அதன் சாரம். ஒவ்வொரு வணிகமும் ஒரு மேடை என்று உருவகித்தனர். மேடை உண்மையாகவே இருக்கும் இசையரங்குகள் இக்கருத்தை எளிதில் தழுவிக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் இந்தச் சட்டகத்தில் அனுபவம் என்பது வாங்கப்படும் ஒன்று. கூடுதல் பணம் கொடுத்தவருக்குத் தனி மாடம், தனி மதுக்கூடம், தனி வரிசை. அனுபவம் படிநிலைகளாகப் பகுக்கப்பட்டவுடன், அனைவருக்கும் பொதுவான வாசல் எவருடைய கவனத்திற்கும் உரியதாக இல்லாமற் போகிறது.

அதே 1998இல் வெளிவந்த மற்றொரு நூல் கிறிஸ்டோபர் ஸ்மாலின் ‘மியூசிக்கிங்’. இசை என்பது ஒரு பொருளன்று, மனிதர்கள் சேர்ந்து செய்யும் செயல் என்று ஸ்மால் வாதிட்டார். அச்செயலில் பாடுபவரும் கேட்பவரும் மட்டுமல்லர். நுழைவுச்சீட்டைச் சரிபார்ப்பவரும், கருவிகளைத் தூக்கி வைப்பவரும், கூட்டம் கலைந்த பின் தரையைப் பெருக்குபவரும் பங்கேற்கிறார்கள் என்றார். பிரிக்ஸ்டன் வாசலில் ஒரு கேட்பவரும் ஒரு பணியாளரும் ஒருசேர நசுங்கிப் பின்னர் உயிரிழந்ததை முதற்சட்டகத்தால் விளக்க இயலாது. அது வாடிக்கையாளரை மட்டுமே காணும். இரண்டாவது சட்டகத்தில் அவ்விருவரும் ஒரே நிகழ்வின் பங்கேற்பாளர்கள். இருவரின் பாதுகாப்பும் இசையின் பகுதியே.

புதுப்பித்தல் ராக் இசையின் ஆன்மாவைக் கொன்றுவிடுகிறது என்னும் எதிர்வாதம் பழையது. வியர்வை, இருள், ஒட்டும் தரை, ஒழுகும் கூரை ஆகியவையே அவ்விசையின் இயற்கையான சூழல் என்பார்கள். இவ்வாதத்தைச் சோதிக்க இலண்டனின் வடபகுதியிலுள்ள ரவுண்ட்ஹவுஸ் பொருத்தமான சான்று. 1847இல் ரயில் என்ஜின்களைத் திருப்பி நிறுத்தும் வட்டக் கொட்டகையாக அது கட்டப்பட்டது. என்ஜின்கள் நீண்டு வளர்ந்ததும் அப்பணிக்குப் பயனற்றுப்போய், பல பத்தாண்டுகள் மதுக் கிடங்காக இருந்தது. 1966 அக்டோபரில் ‘இன்டர்நேஷனல் டைம்ஸ்’ இதழின் தொடக்க விழாவில் பிங்க் ஃபிளாய்ட், சாஃப்ட் மெஷின் ஆகிய குழுக்கள் அங்கே இசைத்தன. ராக் வரலாற்றில் அந்த இரவு புராணமாகிவிட்டது. ஆனால் அதே இரவைப் பற்றிய நினைவுகூரல்களில், ஆயிரக்கணக்கானோருக்குப் போதிய கழிப்பறை இல்லாததும், குளிரும், ஒடுக்கமான நுழைவழியும் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. பிறகு 1983இல் மூடப்பட்ட அவ்வரங்கு, பெருஞ்செலவில் புதுப்பிக்கப்பட்டு 2006இல் மீண்டும் திறக்கப்பட்டது.

அப்புதுப்பிப்பில் கவனிக்கத்தக்கது இதுதான்: கூரையைத் தாங்கும் 24 வார்ப்பிரும்புத் தூண்கள் அகற்றப்படவில்லை. தூணுக்குப் பின்னால் நிற்க நேர்ந்தவருக்கு இன்றும் மேடை மறையும். அந்தக் குறையோடு சேர்த்தே மக்கள் அரங்கை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், ஏனெனில் அது கட்டடத்தின் வரலாறு. ஓரடி நகர்ந்தால் பார்வை திரும்பிவிடும். ஆனால் கழிப்பறையின்மையும் ஒடுங்கிய படிக்கட்டும் வரலாறல்ல, அவை அலட்சியம். ஆன்மா எங்கே முடிகிறது, அலட்சியம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பிரித்தறிவதே நல்ல புதுப்பித்தலின் முதற்கடமை. முன்பு என்ஜின்கள் நின்ற தளத்தின் அடியிலுள்ள நிலவறைகளில் இளைஞர்களுக்கான இசைக்கூடங்கள் அமைக்கப்பட்டன. எந்த ஆன்மாவும் அதனால் செத்துவிடவில்லை. பழைய அசௌகரியத்தைப் புனிதமாக்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அந்த அசௌகரியத்தைத் தாங்கக்கூடிய உடல்களே அன்று உள்ளே இருந்தன. சக்கர நாற்காலியில் வரும் ரசிகருக்கும், வழியறியாத இருளில் தனியே வெளியேறவேண்டிய பெண்ணுக்கும் ஒடுங்கிய வாசல் ஒருபோதும் கவித்துவமாக இருந்ததில்லை.

பிரிக்ஸ்டனில் என்ன நடந்தது? அரங்கின் உரிமத்தை ரத்துசெய்யக் காவல்துறை கோரியது. மூடக்கூடாது என ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். இரண்டு தரப்பையும் கேட்ட லாம்பெத் உள்ளாட்சி மன்றம், 2023 செப்டம்பரில் 77 நிபந்தனைகளுடன் உரிமத்தைத் தொடர அனுமதித்தது. வலுவான புதிய கதவுகள், கூட்டத்தைக் கையாளும் புதிய முறை, மையக் கட்டுப்பாட்டு அறை, புதிய நுழைவுச்சீட்டு ஏற்பாடு ஆகியவை அவற்றின் உள்ளடக்கம். 2024 ஏப்ரலில் அரங்கு மீண்டும் திறந்தது. அந்நூற்றாண்டுக் கட்டடத்தின் மிக இன்றியமையாத புதுப்பிப்பு இதுவே எனலாம். ஆனால் இதனை எவரும் படமெடுத்துப் பகிரமாட்டார்கள். நன்றாக இயங்கும் கதவு கண்ணில் படுவதில்லை. சிறந்த ‘அனுபவம்’ பல வேளைகளில் எதுவும் நிகழாமல் வீடு திரும்புவதே. திருப்தியை அளக்கும் எந்தப் படிவத்திலும் அதற்கொரு கட்டம் இல்லை.

இலண்டன் அரங்குகளைப் பற்றிய இவ்விவாதம் இந்தியக் கல்வியுலகிற்குத் தொலைவானதன்று. இந்தியாவில் நின்று கேட்கும் ராக் இசைக்கென நிலையான அரங்குகள் மிகச் சில. அவ்விசையைத் தலைமுறைகளாக வளர்த்த இடங்களில் கல்லூரிக் கலைவிழாக்கள் முதன்மையானவை. அதாவது, இந்நாட்டு இளைஞர் பலர் முதன்முதலாக ஒரு குழுவின் இசையை நேரில் கேட்கும் அரங்கு, அவர்களுடைய வளாகத்தின் திறந்தவெளி மேடையே. 2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், இசைநிகழ்ச்சி தொடங்கவிருந்த வேளையில் ஏற்பட்ட நெரிசலில் நால்வர் உயிரிழந்தனர், மூவர் மாணவர்கள். மழை பெய்ய, வெளியே நின்றவர்கள் உள்ளே விரைய, வாசலின் செங்குத்தான படிகளில் ஒருவர்மீது ஒருவர் விழுந்தனர். அங்கும் மேடையில் பிழையில்லை. பிழை வாசலில்.

எனவே ஒரு பல்கலைக்கழகம் தன் அரங்கைப் புதுப்பிக்க நிதி ஒதுக்கும்போது, இருக்கையின் துணிக்கும் ஒலிபெருக்கியின் திறனுக்கும் முன்பாகக் கேட்கப்படவேண்டிய வினாக்கள் எளியவை. எத்தனை வாயில்கள்? அவை எப்பக்கம் திறக்கும்? மழை வந்தால் வெளியே நிற்பவர் எங்கே ஒதுங்குவார்? கூட்டம் மிகுந்தால் நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, அவரிடம் பேசும் கருவி யாரிடம்? இவ்வினாக்களை நிகழ்த்துகலை ஆய்வாளரும் கட்டடக்கலைத் துறையினரும் மாணவர் பேரவையும் சேர்ந்து கேட்கவேண்டும். பொறியாளரின் கோப்பில் மட்டும் அவை உறங்கக்கூடாது.

இசை கேட்கச் செல்பவர் தம் உடலை அந்நியர்களிடம் நம்பி ஒப்படைக்கிறார். தோளோடு தோள் உரசும் அந்த நம்பிக்கையே நேரடி இசையின் மகிழ்ச்சி. அது மேடையில் விளக்கெரிந்த பிறகு பிறப்பதில்லை. வாசலில், வரிசையில், சீட்டைச் சரிபார்க்கும் பணியாளரின் முகத்தில் பிறக்கிறது. புதுப்பித்தல் அங்கிருந்தே தொடங்கட்டும்.