நாள் குறித்தால் வேலை நடக்கும்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்து நீருக்குள் இருக்கும் அத்திவரதர், 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே வருகிறார். 1979க்குப் பின் 2019 ஜூலை 1 அன்று காட்சி தரத் தொடங்கினார். அதற்காகக் குளத்து நீரை இறைத்தார்கள், சேற்றை அள்ளினார்கள், ஆகஸ்ட் 17 இரவு மறுபடி குளத்தில் வைத்தார்கள். நாள் குறித்த வேலை, தள்ளிப்போட இடமில்லை.

அதே ஜூலையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு கிடந்தது. சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் போயிற்று.

நம் ஊர் ஏரிக்கோ நாள் குறிப்பார் இல்லை. வரத்துக்கால் தூர்ந்தபின் மதகைக் குறை சொல்லிப் பயன் என்ன? முன்னோர் குடிமராமத்து என்று ஊர் கூடிச் செய்த வேலை இது. மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் மட்டும் போதாது.

ஏரி வற்றும் கோடையிலேயே ஊர்க்கூட்டம் ஒரு நாளைக் குறிக்க வேண்டும். முதலில் வரத்துக்காலில் மண்டிய புதரை அகற்ற வேண்டும். வட்டாட்சியரிடம் அனுமதி பெற்று வண்டலை எடுத்து, மணற்பாங்கான நிலத்தில் பரப்பினால் ஈரம் நிற்கும். கரையை ஒட்டித் தோண்டலாகாது, கரை பலமிழக்கும். ஐப்பசி மழைக்கு முன் எல்லாம் முடிய வேண்டும்.

மண் பரிசோதனை, விதை நேர்த்தி, கடன் தவணை எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். 'பார்க்கலாம்' என்ற வேலை கிடக்கும். நாள்காட்டியில் குறித்த வேலை நடக்கும்.

அத்திவரதர் அடுத்து வருவது 2059இல். அதுவரை ஏரி காத்திராது.