மணியும் காசும்

தோழா! மணி பார்ப்பதும் காசு எண்ணுவதும் எம். புதுப்பட்டிப் பிள்ளைக்குத் தாமாகவே வந்துவிடுமாம். அதற்கொரு பாடம் எதற்காம்? கேட்கிறார்கள், கனவான்கள்!

தாமாக வந்த கதையைச் சிவகாசி வட்டாரம் அறியாதா? பொழுது புலருமுன் தீப்பெட்டி ஆலையின் வண்டி ஊர்தோறும் வந்து சிறாரை அள்ளிச் சென்றதே, அந்த வண்டியோசைதான் அன்று அவர்கள் அறிந்த கடிகாரம்! கட்டை அடுக்கியது பிஞ்சுக்கரம். எண்ணிக் கூலி தந்தவர் கணக்குப்பிள்ளை. 1986-இல் சட்டம் பிறந்தது, போதவில்லை. 1996-இல், மேத்தா தொடுத்த வழக்கில், குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்டு என்று முதலாளிக்கு ஆணையிட்டது உச்சநீதிமன்றம்.

2022-இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது, வரவேற்போம். ஆயினும் கரும்பலகையில் வரைந்த முள் நகருமா? அட்டைக் கடிகாரத்தைக் கையிலே கொடு. நாணயத்தைக் கொட்டி, ஐம்பதுக்குச் சில்லறை கேள்! பட்டாசு ஆலையில் தாய்க்கு இன்றும் எண்ணிக்கைக் கூலிதானே? "அம்மா, பன்னிரண்டு ரூபாய் குறைகிறதே!" என்று மூன்றாம் வகுப்புச் சிறுமி சொல்லிவிட்டால்? கனவான்களின் கலக்கம் அதுதான், தோழா!