ரஞ்சித் பேஜின் பிளாஸ்டிக் கூடைகளும் எமது சாக்கு மூட்டைகளும்

வர்த்தகத்தில் முன்னேறியவர்கள் பற்றிப் பேச்செடுத்தால் எம்மவர் முதலில் சொல்வது லூலூ யூசுப் அலியின் பெயரைத்தான். கேரளத்தின் நாட்டிகையில் பிறந்து 1973 இல் அபுதாபி சென்றவர் இன்று வளைகுடாவெங்கும் கடை விரித்திருக்கிறார். பெருமைப்பட வேண்டிய வரலாறுதான். ஆனால் வில்கமுவயில் கத்தரியும் மிளகாயும் பயிரிடும் விவசாயிக்கும், அதை வாங்கி விற்கும் மாத்தளை வியாபாரிக்கும் அபுதாபி வெகு தூரம். பக்கத்திலேயே இருக்கும் ஒருவரை நாம் போதியளவு கவனிக்கவில்லை என்பதே எனது அபிப்பிராயம். அவர் கார்கில்ஸ் நிறுவனத்தின் பிரதித் தலைவராகவும் பிரதம நிறைவேற்று அதிகாரியாகவும் பணியாற்றிய ரஞ்சித் பேஜ்.

கார்கில்ஸ் 1844 இல் கண்டியில் வெள்ளைக்காரர் ஆரம்பித்த வியாபாரம். 1981 இல் பேஜ் குடும்பத்தினரின் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனம் அதனைப் பொறுப்பேற்றது. 1983 இல் கொழும்பு ஸ்டேபிள்ஸ் வீதியில் முதலாவது புட் சிட்டி திறக்கப்பட்டது. அன்று சுப்பர் மார்க்கெட் என்றால் வசதி படைத்தோரின் கடை. சாதாரண மக்கள் கண்ணாடிக் கதவைத் தள்ளவே தயங்கினர்.

அந்நிலையை மாற்றியது விளம்பரமல்ல. 1999 ஆம் ஆண்டு ஹங்குரான்கெத்தயில் மரக்கறிச் சேகரிப்பு நிலையமொன்றை ஆரம்பித்து, விவசாயியிடமிருந்து நேரடியாகக் கொள்வனவு செய்யத் தொடங்கினார்கள். தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஒரே ஆண்டில் இரண்டு பாதைகள்! ஒன்றில் விவசாயி மூட்டையைக் கட்டிக்கொண்டு போய், அன்றைய விலை என்னவென்று அங்கு போன பிறகே அறிகிறான். மற்றதில் தோட்டத்துக்கு அருகிலேயே தரம் பிரித்து, நிறுத்து, பிளாஸ்டிக் கூடையில் அடுக்குகிறார்கள்.

கூடைதானே என்று அலட்சியம் செய்ய வேண்டாம். அறுவடைக்குப் பின் 30 முதல் 40 வீதம் வரை மரக்கறி வீணாகிறது என்று விவசாயத் துறையினர் காலாகாலமாகச் சொல்லி வருகிறார்கள். சாக்கில் திணித்து, லொறியில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, அதன் மேல் ஆளும் ஏறி உட்கார்ந்தால் தக்காளி என்னவாகும்? அந்த நட்டத்தைக் கம்பனிக்காரன் கணக்குப் பார்த்தான். நாம் பார்க்கவில்லை. சாக்குக்கு இத்தனை கிலோ என்று கழிவு பிடித்து, நட்டத்தை விவசாயியின் தலையிலேயே கட்டினோம்.

2011 டிசம்பரில் அரசாங்கம் பிளாஸ்டிக் கூடைகளைச் சட்டத்தால் கட்டாயமாக்க முயன்றது. விவசாயிகளும் வியாபாரிகளும் எதிர்ப்பில் இறங்கவே பின்வாங்க நேர்ந்தது. கூடை வாங்கப் பணம் யார் போடுவது, ஒரு லொறியில் முன்பு ஏற்றிய பாரம் ஏறுமா, வெறுங்கூடை திரும்பி வருமா என்ற கேள்விகளுக்குப் பதில் இருக்கவில்லை. ரஞ்சித் பேஜின் நிறுவனம் சட்டத்துக்குக் காத்திராமல் அதே கேள்விகளுக்குத் தன் பணத்தைப் போட்டுப் பதில் தேடியது. நிர்வாகி என்பவர் யார் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. அதே நிறுவனத்தில் முகாமைத்துவப் பணிப்பாளர் பதவியை வகித்தவர் இம்தியாஸ் அப்துல் வாஹித் என்பதையும் கணக்கியல் படிக்கும் எமது பிள்ளைகள் அறிந்துகொள்வது நல்லது.

அதற்காக சுப்பர் மார்க்கெட் வந்தால் வில்கமுவ செழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு வேண்டியது முதல் தரம் மட்டும், அதுவும் தேவையான அளவு மட்டும். வளைந்த கத்தரியையும் விளைச்சல் மிகுந்த பருவத்தின் குவியலையும் ஏற்பது தம்புள்ளையும் கிராமத்து வியாபாரியும்தான். காட்டு யானை மிதித்த வயலுக்கு மறுபோகத்தில் விதைக்கும் உரத்துக்கும் முற்பணம் கொடுப்பவரும் அந்த வியாபாரியே. ஆனால் அந்த முற்பணமே விவசாயியின் கையைக் கட்டும் கயிறாகவும் ஆகிவிடுகிறது; கடன்பட்டவன் விலை பேச முடியாதல்லவா?

2019 க்குப் பின்னர் எமது கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி நடந்த பிரசாரத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு மேடைகளில் பதில் சொன்னோம், அறிக்கைகளும் விட்டோம். தராசில் பதில் சொல்லியிருந்தால் சிங்கள விவசாயியே எமக்காகப் பேசியிருப்பான்.

எம்மவரிடம் லொறி இருக்கிறது, கிராமத்துப் பாதைகள் தெரியும், விவசாயியின் மொழியும் பழக்கமும் இருக்கிறது. கம்பனி பெருஞ்செலவில் தேடிய இவை எமக்குப் பரம்பரையாகவே கிடைத்தவை. நாலைந்து வியாபாரிகள் கூட்டாகச் சேர்ந்து, வில்கமுவ ஹெட்டிபொலையில் ஒரு கொட்டகை போட்டு, காலையில் விலையைப் பலகையில் எழுதி வைத்து, கழிவு பிடிக்காமல் நிறுத்துக் காசு கொடுத்தால் போதும். மிஞ்சுவது கூடைகளுக்கான முதல்தான். வட்டியில்லாக் கடன் கொடுக்கும் எமது அமைப்புகள் முச்சக்கர வண்டிக்கும் தையல் இயந்திரத்துக்கும் கொடுக்கின்றன. ஐந்நூறு கூடைகளுக்கும் ஒரு முறை கொடுத்துப் பார்க்கட்டுமே.