நேரச்சொல் விடை சொல்லாது

பெரியகல்லாறு தொடங்கிக் களுவாஞ்சிக்குடி வரைக்கும் எந்த ரியூசன் கொட்டிலுக்குப் போனாலும் ஒரே மந்திரம்தான்: "நேரச்சொல்லைப் பார், காலத்தை எழுது." யெஸ்டடே கண்டால் இறந்தகாலம். நவ் கண்டால் ஐஎன்ஜி. சின்ஸ், ஃபோர் கண்டால் ஹேவ் அல்லது ஹேஸ். சாதாரண தரப் பிள்ளைகள் இந்தப் பட்டியலைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருக்கிறார்கள். பல வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு இனிப் பொறுக்க முடியவில்லை.

கெதியாகப் புள்ளி எடுக்கலாம் என்கிறார்கள். தனி வசனத்தில் எடுக்கலாம். பந்தியில் எடுக்க முடியாது. அங்கே வெற்றிடத்துக்குப் பக்கத்தில் நேரச்சொல் நிற்பதில்லை.

ஆல்வேய்ஸ் வந்தால் சாதாரண நிகழ்காலம்தானாம். "ஹி இஸ் ஆல்வேய்ஸ் கம்ப்ளெயினிங்" என்பதும் நல்ல ஆங்கிலம். அதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

என்னை எழுத வைத்தது ஃபோர். தகப்பனைப் பற்றி எழுதும் பயிற்சி ஒன்றில் ஒரு பிள்ளை, "மை ஃபாதர் வேர்க்ட் ஒன் த லகூன் ஃபோர் ட்வெல்வ் இயர்ஸ்" என்று எழுதியிருந்தாள். வேர்க்ட் வெட்டப்பட்டு, மேலே "ஹேஸ் வேர்க்ட்" என்று திருத்தியிருந்தது. அந்தத் தகப்பன் உயிரோடு இல்லை. 12 வருடம் வாவியில் தோணி தள்ளி, வலை வீசி, அந்தக் காலம் முடிந்துபோயிற்று. பிள்ளை எழுதியதுதான் சரி. ஹேஸ் வேர்க்ட் என்றால் அவர் இன்றைக்கும் வாவிக்குப் போகிறார் என்றுதான் வாசிப்பவர் விளங்கிக்கொள்வார். ஃபோர் காட்டுவது எவ்வளவு காலம் என்பதை மட்டுமே. அந்தக் காலம் முடிந்துவிட்டதா, இன்னும் நீள்கிறதா என்று சொல்வது வினை. அதை அறிந்தவள் அந்தப் பிள்ளை. பட்டியல் அவளுக்குத் தெரிந்த உண்மையை வெட்டிவிட்டது.

சின்ஸும் அப்படித்தான். "சின்ஸ் இட் ரெய்ன்ட், வி ஸ்டேய்ட் அட் ஹோம்." மழை பெய்ததால் வீட்டில் இருந்தோம். இதில் ஹேவ் எங்கே? யெஸ்டடேயையும் நம்ப முடியாது: "வென் ஐ கேம் யெஸ்டடே, த பஸ் ஹேட் லெஃப்ட்." நேற்று என்ற சொல் நிற்கிறது, பஸ் நான் வருமுன்பே போய்விட்டது.

தமிழில் காலம் மூன்று, ஆங்கிலத்தில் பன்னிரண்டு, பட்டியல் இல்லாமல் எங்கள் பிள்ளைகளுக்கு விளங்காது என்பதுதான் கடைசி வாதம். இது பிள்ளைகளைக் குறைத்துப் பேசும் பேச்சு. 2002இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம், ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்கென்று தனி வினைக்காலமே இல்லை என்கிறது. பன்னிரண்டு என்பது பாடப்புத்தக வசதிக்குப் போட்ட கணக்கு. வந்தான், வந்திருக்கிறான், வந்திருந்தான், வந்துகொண்டிருக்கிறான் என்று பள்ளிக்கூடம் போகுமுன்பே பிசகாமல் பேசும் பிள்ளைக்கு, முடிந்த செயலும் நடக்கும் செயலும் வேறு என்று தெரியாதா?

ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியர்களே, "எப்போது?" என்பதோடு நின்றுவிடாமல் "முடிந்ததா?" என்றும் பிள்ளைகளைக் கேளுங்கள். வெற்றிடத்தை நிரப்ப முதல் பந்தி முழுவதையும் ஒருமுறை வாசிக்க விடுங்கள்.