துறைமுகத்தோடு நின்றுவிடும் வரலாறு

இலங்கையின் மேற்குக் கரையோரத்தின் பொருளாதார வரலாற்றை எழுத ஆளில்லை என்று யாரும் குறைப்பட முடியாது. கறுவாவுக்காக ஐரோப்பியர் கோட்டை கட்டியது, 1766ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் ஒல்லாந்தர் கண்டி மன்னரிடமிருந்து கரை முழுவதையும் தம் வசமாக்கியது, 1875இல் அடிக்கல் நாட்டி 1885இல் முடித்த அலைதடுப்புச் சுவரின் பலத்தில் கொழும்பு காலியை முந்தியது எல்லாம் ஆதாரங்களோடு எழுதப்பட்டுள்ளன. மைக்கல் றொபேட்ஸ், குமாரி ஜயவர்தன போன்றோர் கரையோரக் குடும்பங்கள் எப்படி முதல் சேர்த்தன என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து காட்டியிருக்கிறார்கள். இந்த உழைப்பை மதித்துத்தான் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். கரையில் சேர்ந்த செல்வத்தில் மலையடிவாரத்தின் பங்கு எவ்வளவு? இரத்தினபுரிக்கு அருகிலுள்ள குருவிட்டவிலிருந்து பார்த்தால், வழக்கமாகச் சொல்லப்படும் கரையோர வரலாறு துறைமுகத்தோடு நின்றுவிடுகிறது. சரக்கு கப்பலேறுவது அதில் தெரிகிறது. அதை விளைவித்து, வெட்டி, சுமந்தவர்கள் தெரிவதில்லை.

கரையும் உள்நாடும் ஒரே பொருளாதாரமாக இருந்ததற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்த பட்டதொம்பலென குகை குருவிட்டவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கடல் கண்ணுக்கெட்டாத அந்தக் காட்டுக் குகையில் கடற்சிப்பியில் செய்த சிறு மணிகள் கிடைத்திருக்கின்றன. அவை கரையிலிருந்து வந்தவை. பிற்காலத்தில் இந்தத் தொடர்பைக் களு கங்கை சுமந்தது. இரத்தினபுரியிலிருந்து பாக்கு படகேறி ஆற்றோடு களுத்துறைக்கு இறங்கியது. உப்பும் கருவாடும் துணியும் மேலே வந்தன. இரத்தினக்கல் வியாபாரத்தில் அந்த உறவு இன்றும் அறுபடவில்லை. பேருவளைச் சீனக்கோட்டைச் சந்தையில் கைமாறும் கற்களில் பல இரத்தினபுரிக் குழிகளில் எடுத்தவை. பேருவளை வணிகரின் திறமையும் கடல்கடந்த தொடர்பும் பேசப்பட வேண்டியவைதான். இடுப்பளவு நீரில் நின்று, இல்லம் எனப்படும் கல் கலந்த மண்ணை அரித்தவரின் கூலி என்ன, பங்கு என்ன என்பதும் அதே வரலாற்றில் வர வேண்டும்.

இன்னும் கூர்மையான சான்று சாராயக் குத்தகை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொறட்டுவை, பாணந்துறைப் பகுதிக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே முதற்பணத்தைத் தந்தது என்பதைக் குமாரி ஜயவர்தன தெளிவாக நிறுவியிருக்கிறார். கள்ளும் சாராயமும் தென்னை நிறைந்த கரையில் உற்பத்தியாயின. தவறணைகளோ தோட்டப்புறங்களையும் எட்டின. அங்கே நாட்கூலியாகப் பெற்ற காசின் ஒரு பகுதி கரைக்குத் திரும்பி மாளிகையும் தோட்டமும் பள்ளிக்கூடமும் ஆனது. காரீயமும் அப்படித்தான். கேகாலை மாவட்டத்துப் போகலச் சுரங்கத்தைப் போன்ற ஆழ்குழிகளில் தோண்டிய பொருள் கொழும்பு வணிகரின் செல்வமாகச் சொல்லப்படுகிறது. கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து வட்டிக்குப் போன பணம் தோட்டங்கள் வரை பாய்ந்ததும் இந்தக் கணக்கில் சேர வேண்டியதே.

தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களில் உழைக்க வந்தவர்களும் கரை வழியாகத்தான் வந்தார்கள். தொடக்கத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுப்பாதையில் நடந்தார்கள். பின்னர் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலேறினார்கள். 1914 முதல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலிலும் வந்தார்கள். ஆட்களைத் திரட்டிய பெரிய கங்காணியின் துண்டுச் சீட்டில் எழுதிய கடன் அவர்களோடு தோட்டத்துக்குத் தோட்டம் போனது. 1921இல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது. களனிப் பள்ளத்தாக்கு ரயில்பாதை 1912இல் இரத்தினபுரிக்கு வந்தபின் குருவிட்ட வழியாக இறப்பரும் தேயிலையும் கொழும்புக்குப் போயின. 1952இல் சீனாவோடு செய்த இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தை நாட்டின் வணிகச் சாதனையாக எல்லாரும் குறிப்பிடுவார்கள். அந்த இறப்பரைத் தந்த சப்பிரகமுவ, களுத்துறைத் தோட்டங்களில் விடியுமுன் பால் வெட்டப் போனவர்களில் தமிழரும் இருந்தார்கள், சிங்களவரும் இருந்தார்கள். அதே ஆண்டுத் தேர்தலில் அந்தத் தமிழரில் பெரும்பாலானோருக்கு வாக்குரிமை இல்லை. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் அதைப் பறித்திருந்தன. நாட்டுக்கு அரிசி வரவழைத்தவர்கள் நாட்டின் கணக்கில் இல்லாமற்போனதை ஒப்பந்தத்தின் கதையோடு சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தக் கதை பாதிதான்.

துறைமுகத்தைப் பற்றி எழுதுபவர் மலைநாட்டையும் எழுத வேண்டுமா, எல்லை வகுக்காமல் ஆய்வு நடக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கொழும்பின் வளர்ச்சிக்குச் சுயஸ் கால்வாயும் நீராவிக்கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்றும் தேவையும் காரணமாயின. அதை மறுத்து எல்லாவற்றையும் தோட்டத்தின் கணக்கில் எழுதுவதும் பிழையாகும். ஆனால் ஏற்றுமதிச் சரக்கே ஒரு துறைமுகத்தின் உயிராக இருந்தபோது, அந்தச் சரக்கின் உற்பத்தியை எல்லைக்கு வெளியே தள்ளுவது காரணத்தை விட்டு விளைவை மட்டும் எழுதுவதாகும். தோட்டத் தொழிலாளர் பற்றித்தான் தனி நூல்கள் வந்துவிட்டனவே என்பார்கள். டொனவன் மோல்ட்ரிச், பற்றிக் பீபிள்ஸ் ஆகியோரின் நூல்கள் இருக்கின்றன, அவை அருமையானவை. செல்வத்தின் வரலாறு ஓர் அலமாரியிலும் துயரத்தின் வரலாறு இன்னோர் அலமாரியிலும் இருப்பதுதான் குறை. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தால்தான் ஒன்று மற்றதால் ஆனது என்பது தெரியும்.

தொழிலாளர் தம் கையால் எழுதிவைத்தவை குறைவு என்பது உண்மை. அதற்காகச் சான்றே இல்லை என்றாகிவிடாது. தோட்டத்தின் பழைய செக்ரோல் என்னும் கூலிப் பதிவேடு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் போதும். ஒவ்வொருவர் பெயருக்கு நேரே நாளுக்கு நாள் முழுப்பேரா அரைப்பேரா என்ற குறிப்பும், மாத முடிவில் அரிசிக்கும் முன்பணத்துக்கும் கழித்த தொகையும், கடைசியில் கைக்கு வந்த சொற்பக் காசும் அதில் இருக்கும். ஏற்றுமதிப் புள்ளிவிவரத்துக்கு இணையான பொருளாதார ஆவணம் இது. இவற்றோடு பிறப்பு இறப்புப் பதிவேடுகள், மிஷன் பதிவுகள், லயங்களில் இன்னும் இருக்கும் முதியோரின் நினைவுகள் ஆகியவற்றையும் சேர்த்தால் நூல்கள் பல எழுதலாம். தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போய், அலுவலகங்கள் இடம்மாறியதில் அழிந்தவை போக எஞ்சியவை கறையானுக்குக் காத்திருக்கின்றன. கம்பனிகள் அந்தப் பதிவேடுகளைத் தேசிய சுவடிகள் திணைக்களத்திடம் ஒப்படைக்க வேண்டும். சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் முதியோரின் வாய்மொழியைத் தமிழிலும் சிங்களத்திலும் பதிவுசெய்ய முன்வர வேண்டும். பாடநூல் எழுதுவோர் கொழும்புத் துறைமுகத்தின் பாடத்தைக் களு கங்கையின் மேல்பகுதியிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் பழைய தோட்டக் காகிதம் ஏதேனும் இருந்தால், அதை எறிந்துவிடாதீர்கள்.