பணம் கொடுக்க வேண்டியவனே நீதிபதியா?

நோயாலோ விபத்தாலோ உழைக்க முடியாமற் போன தொழிலாளிக்கு மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தருவதாக அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஒப்பந்தம் செய்கின்றன. பெரும்பாலும் முதலாளி மூலமாகவே தொழிலாளி இதில் சேருகிறான். ஏற்பாடு நல்லதுதான். ஆனால், "உன்னால் வேலை செய்ய முடியும், பணம் கிடையாது" என்று கம்பெனி கைவிரித்துவிட்டால்? அப்பீலை முதலில் விசாரிப்பது யார்? அதே கம்பெனி! பாலுக்குப் பூனை காவலா என்று கேட்கிறோம்.

இது வெறும் சந்தேகமல்ல. யூனம் என்ற பெரிய கம்பெனியின் போக்கை மாகாண அதிகாரிகள் விசாரித்தார்கள். 2004-ல் அக்கம்பெனி 1.5 கோடி டாலர் அபராதத்துக்கும், தள்ளிய, நிறுத்திய சுமார் 2 லட்சம் மனுக்களை மறுபடி பரிசீலிக்கவும் ஒப்புக்கொண்டது.

தனியார் முதலாளிகளின் இத்தகைய திட்டங்களை ஆளுவது 1974-ல் வந்த 'எரிசா' சட்டம். தொழிலாளியைக் காக்க வந்த சட்டம், கம்பெனிக்கே கேடயமாகிவிட்டது. வழக்கு கோர்ட்டுக்குப் போனால் ஜூரி கிடையாது. கம்பெனியின் கட்டிலே இருந்த காகிதங்களை மட்டுமே நீதிபதி பெரும்பாலும் பார்ப்பார். தீர்மானிக்கும் அதிகாரம் கம்பெனிக்கே என்று திட்டத்தில் எழுதியிருந்தால், முடிவு சரியா என்று கோர்ட்டு கேட்காது; அடியோடு நியாயமற்றதா என்று மட்டுமே கேட்கும். இது 1989-ல் சுப்ரீம் கோர்ட்டு வகுத்த வழி. வைத்தியம் பார்த்த டாக்டரின் சொல்லுக்குத் தனி மதிப்புத் தர வேண்டியதில்லை என்று 2003-ல் அதே கோர்ட்டு சொன்னது. நோயாளியைக் கண்ணாலும் காணாமல், காகிதத்தைப் புரட்டி எழுதும் கம்பெனி டாக்டரின் சொல் அதன் எதிரே வந்து நிற்கிறது!

ஆகவே அப்பீல்தான் தொழிலாளியின் உண்மையான கோர்ட்டு. அதற்கு வக்கீல் கட்டாயமில்லை. மறுப்புக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து 180 நாள் தவணை உண்டு. தன் கட்டு முழுவதையும் எழுத்தில் கேட்டால் கம்பெனி இலவசமாகத் தர வேண்டும். மறுத்ததற்கு என்ன காரணம், எந்த ஷரத்து என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சேர்க்க வேண்டும். "இவருக்கு உடல்நிலை சரியில்லை" என்ற டாக்டர் சீட்டு போதாது. எத்தனை நிமிஷம் உட்கார முடியும், எவ்வளவு எடை தூக்க முடியும் என்று எழுதி வாங்க வேண்டும். கூட வேலை செய்தவர்களும் தாங்கள் கண்டதை எழுதித் தரலாம். டெலிபோனில் பேசியது காற்றோடு போகும். காகிதத்தில் எழுதியதே நிற்கும். எல்லாவற்றுக்கும் நகல் வைத்துக்கொண்டு, ஒப்புகைச் சீட்டுடன் தபாலில் அனுப்ப வேண்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். வலியில் படுத்திருப்பவன், சம்பளமும் இல்லாமல், சட்டம் படித்தவனுக்குச் சமமாக இத்தனையையும் தனியே செய்ய வேண்டுமென்பது என்ன நியாயம்? சங்கம் உள்ள இடத்தில் மனு எழுத உதவும் ஆள் சங்கத்திலே இருக்க வேண்டும். அப்பீலைக் கேட்பவர் கம்பெனியின் சம்பளம் வாங்காதவராக இருக்க வேண்டும். கொடுக்க வேண்டியவனிடமே தீர்ப்பையும் ஒப்படைக்கும் வரை, அந்த இன்ஷூரன்ஸ் தொழிலாளிக்கு அரைப் பாதுகாப்புத்தான்.