கார்கள் மதில் வாசலோடு நிற்கட்டும்

தரங்கம்பாடிக்குப் போகப் போகிறேன் என்று சொன்னால் போதும், "வண்டி ஏற்பாடு பண்ணியாச்சா?" என்று கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் கார் கிடையாது. கும்பகோணத்தில் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியை நான். அந்த ஊருக்கு எப்போது போனாலும், மாயவரம் வரை ரயில், அங்கிருந்து பஸ். இப்படிப் போவதுதான் அந்த ஊரைப் பார்க்கச் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. அந்த வழியை இன்னும் எளிதாக்குவதற்குப் பதிலாக, கோட்டை வாசல் வரை கார்களை விட்டுக்கொண்டிருக்கிறோம்.

மாயவரத்தில் செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகக் காரைக்கால் போகும் பஸ்ஸில் ஏற வேண்டும். முப்பது கிலோமீட்டர் இருக்கும். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தவர்கள் பட்டுப்புடவையும் மாலையுமாக இறங்குவார்கள். அதற்கப்புறம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும், காற்றில் உப்பு தெரியத் தொடங்கும். "கோட்டைக்குத்தானே டீச்சர், ஸ்டாப் வந்ததும் சொல்றேன்" என்று கண்டக்டர் தாமாகவே சொல்வார். இறங்கிக் கிழக்கே நடந்தால், வெள்ளையடித்த மதில் வாசல் எதிரே நிற்கும். இன்று நாம் பார்க்கும் வாசல் 1792-இல் கட்டியது. அதற்குள்ளே இருப்பதுதான் டேனிஷ்காரர்களின் ஊர்.

அந்த ஊரின் அளவை ஒரு முறை நடந்து பார்த்தால்தான் புரியும். வாசலில் நுழைந்து ராஜவீதியில் நேராகப் போனால், மெதுவாக நடப்பவர்களுக்கும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும். அந்தச் சிறிய தூரத்துக்குள் எவ்வளவு வரலாறு இருக்கிறது! 1701-இல் எழுந்த சீயோன் தேவாலயம். கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்கு கட்டி 1718-இல் திறந்த புதிய எருசலேம் தேவாலயம்; அதன் முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடெரிக்கின் முடியெழுத்து இன்றும் இருக்கிறது. மறு ஆண்டே காலமான சீகன்பால்குவின் கல்லறையும் அதே தேவாலயத்துக்குள்தான். கடைசியில் ஆளுநர் மாளிகை, திறந்த மைதானம், அதற்கப்பால் டான்ஸ்போர்க் கோட்டை. கோட்டைக்கு வடக்கே கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்ம குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில் அது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

காரில் வருபவர்கள் இவற்றில் எதைப் பார்க்கிறார்கள்? நான் கவனித்தவரை, கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசல் வழியாக நுழைகிறார்கள், கோட்டை மைதானத்தில் நிறுத்துகிறார்கள், மதில்மேல் நின்று படம் எடுக்கிறார்கள், வந்த வழியே திரும்புகிறார்கள். தேவாலயத்தின் நிழலில் யாரும் உட்காருவதில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. கோட்டை வாசல் வரை வண்டி போகும் என்றால் யார்தான் வெயிலில் நடப்பார்கள்? நடக்க வைக்கும்படி ஊரை வைத்துக்கொள்வது நிர்வாகத்தின் வேலை.

வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை இது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு ஓவ கெட என்ற டேனிஷ் தளபதி இங்கே கோட்டை எழுப்பினார். நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன்னேட்டில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. 1706 ஜூலையில் சீகன்பால்குவும் புளுட்சாவும் வந்திறங்கினார்கள். சில ஆண்டுகளில் லண்டனிலிருந்து அச்சு இயந்திரமும் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. அந்த எழுத்துகள் அளவில் பெரிதாக இருந்ததால் தாள் போதவில்லை. ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாறில் காகிதம் செய்யவும் ஏற்பாடு செய்தார்கள். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி வெளிவந்தது. இதையெல்லாம் ராஜவீதியில் நின்றபடி சொன்னால் பிள்ளைகள் கேட்கிறார்கள். வகுப்பறையில் கேட்பதைவிட நன்றாகக் கேட்கிறார்கள். ஆனால் பின்னாலிருந்து ஹாரன் அடித்தால் பாதியில் நிறுத்திவிட்டு, முதலில் அவர்களை ஓரத்துக்கு இழுக்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தெரு இன்றுவரை பிழைத்ததற்கு ஒரு காரணம், இந்த ஊர் ஒதுக்கிவிடப்பட்டதுதான். 1845-இல் டேனிஷ்காரர்கள் தங்கள் இந்தியக் குடியிருப்புகளை 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றார்கள். 1861-இல் ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்தது. வாணிபம் அந்தப் பக்கம் போக, தரங்கம்பாடி ஓய்ந்தது. பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டும் வசதி இங்கே யாருக்கும் வரவில்லை. அந்த வறுமையில் தப்பிய தெருவைச் சுற்றுலாவின் பெயரால் வண்டி நிறுத்துமிடமாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ரயிலும் ஒரு காலத்தில் இந்த ஊருக்கு வந்தது. 1926-இல் மாயவரத்திலிருந்து மீட்டர்கேஜ் பாதை போட்டார்கள். திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று நின்று நின்று வரும் வண்டி. 1986-இல் மூடிவிட்டார்கள். அதை மறுபடியும் ஓட்ட வேண்டும் என்று இந்தப் பகுதி மக்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். தில்லையாடியில் இறங்கினால் வள்ளியம்மை நினைவிடம், திருக்கடையூரில் கோயில், கடைசியில் கடல். ஒரே பாதையில் இத்தனை அமைந்த ஊர்கள் நம் மாநிலத்தில் அதிகமில்லை. இந்தக் கோரிக்கையைப் பழைய நினைவுகளில் வாழ்பவர்களின் ஆசை என்று ஒதுக்குவது அநியாயம்.

ரயில் வரும்வரை பஸ்ஸைக் கவனிக்கலாம். நிறுத்தத்தில் தமிழில் ஒரு நேர அட்டவணை வேண்டும், முக்கியமாகச் சாயங்கால பஸ்களுக்கு. கடைசி பஸ் எப்போது என்று தெரியாததால்தான் தனியாக வரும் பெண்கள் வெயில் இறங்குவதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் கடற்கரையில் உட்கார வேண்டிய நேரமே அதுதான். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்த வசதியில் எங்கள் பள்ளியில் துப்புரவு வேலை பார்க்கும் அக்காவும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றலாம். நிறுத்தத்திலிருந்து வாசல் வரை நிழல் மரங்கள், குடிநீர், பூட்டாத கழிப்பறை. இவ்வளவுதான் கேட்கிறேன்.

"வயதானவர்கள் என்ன செய்வார்கள்?" என்பது நியாயமான கேள்வி. என் அம்மாவுக்கு முழங்கால் வலி. வாசலிலிருந்து கோட்டை வரை ஒரு பேட்டரி வண்டி ஓடினால் அவருக்குப் போதும். மதிலுக்குள் குடியிருப்பவர்களின் வண்டிகள், மீனவர்களின் வண்டிகள், ஆம்புலன்ஸ் ஆகியவை வழக்கம்போல் போய்வரலாம். 2004 டிசம்பரில் சுனாமி அடித்த ஊர் இது. அவசரத்துக்கு வழி திறந்திருப்பது எவ்வளவு முக்கியம் என்று இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். விடுமுறை நாளில் கோட்டைக்கு முன்னால் கார்கள் அடைத்து நிற்பதுதான் அந்த வழிக்கு இடைஞ்சல்.

காரில் வந்தவரை வாசலில் இறக்கிவிட்டால் அவர் ஊர் வழியாக நடப்பார். நடந்தால் தாகம் எடுக்கும், பசிக்கும். இளநீர்க்காரருக்கும் மீன் வறுத்து விற்கும் அம்மாவுக்கும் வியாபாரம் ஆகும்.

முதலில் சனி, ஞாயிறு மட்டும் சோதித்துப் பார்க்கலாம். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை வெளியூர் வண்டிகள் எல்லாம் மதிலுக்கு வெளியே. இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டாம். வாசலுக்குக் குறுக்கே ஒரு சங்கிலியும் அதன் பக்கத்தில் ஊர்க்காவல் படையினர் இருவரும் போதும். அடுத்த சுற்றுலாப் பருவம் தொடங்கும் முன் மாவட்ட நிர்வாகம் இதைச் செய்ய வேண்டும்.